ஓடாய்த் தேய்வது எது?

"அந்தம்மா குடும்பத்துக்காக ஓடா தேய்ஞ்சு போச்சு." கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், இஜோக் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. நாற்பத்தெட்டு வயதிலேயே அறுபதைத் தொட்டவர்போல் தோன்றும் ஒரு பெண் எல்லா லயத்திலும் இருந்தார். முகத்தைப் பார்த்து வயதைச் சொன்னால் தப்பாகத்தான் போகும்.

இப்படித் தேய்வது உடம்பில் எங்கே நடக்கிறது? அதைக் கண்டுபிடிக்க முடியுமா? அளந்து எண்ணில் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் தந்தவர் எலிசபெத் பிளாக்பர்ன் என்ற மூலக்கூறு உயிரியலாளர். 2009ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர். ஆனால் அவருடைய ஆய்வு முதுமையிலிருந்தோ மன அழுத்தத்திலிருந்தோ தொடங்கவில்லை. குளத்து நீரில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரியிலிருந்து தொடங்கியது. அங்கிருந்து நோயாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களிடம் வந்து சேர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தப் பாதையை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

குளத்து நீரில் கிடைத்த விடை

பிளாக்பர்ன் 1948இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். தாய், தந்தை இருவரும் மருத்துவர்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தார். பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போய், இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற ஃபிரெட் சாங்கரின் ஆய்வுக்கூடத்தில் 1975இல் முனைவர் பட்டம் முடித்தார். டி.என்.ஏ.வில் உள்ள எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறை அப்போது அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

யேலில் ஜோசஃப் கால் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் அவர் எடுத்துக்கொண்ட உயிரியின் பெயர் டெட்ராஹைமீனா. ஒரே ஓர் உயிரணு கொண்டது. குளங்களில் வாழ்வது. இதை ஏன் தேர்ந்தெடுத்தார்? காரணம் எளிமையானது. மனிதனின் ஓர் உயிரணுவில் 46 குரோமோசோம்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் என்றால் மொத்தம் 92 முனைகள்தான். டெட்ராஹைமீனாவிலோ குட்டிக் குட்டிக் குரோமோசோம்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குரோமோசோமின் முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட வசதியான உயிரி கிடைக்காது.

அந்த முனைகளில் அவர் கண்டது ஒரு விநோதம். டி.என்.ஏ.வின் மற்ற இடங்களில் எழுத்துகள் பொருளோடு மாறி மாறி வரும். முனையில் மட்டும் ஆறே எழுத்துகள், மீண்டும் மீண்டும் ஒரே வரிசையில், சிறு பிள்ளை ஒரே எழுத்தை ஏட்டில் திரும்பத் திரும்ப எழுதியதுபோல் இருந்தன. 1978இல் இது வெளியானது. முனையில் இருக்கும் இந்தப் பகுதிக்கு டெலோமியர் என்று பெயர்.

ஓரம் அடிக்காத சேலை

டெலோமியர் எதற்கு? புதுச் சேலை வாங்கி வந்ததும் முதலில் என்ன செய்கிறோம்? ஓரம் அடிக்கிறோம். முந்தானை நூலை முடிச்சுப் போடுகிறோம். இல்லாவிட்டால் இரண்டு சலவையில் நூல் பிரிந்து துணியே வீணாகிவிடும். குரோமோசோமுக்கும் அப்படித்தான். முனை மூடப்படாவிட்டால் அது பிரியும், அல்லது பக்கத்துக் குரோமோசோமோடு ஒட்டிக்கொள்ளும். டெலோமியர்தான் அதற்கு அடித்திருக்கும் ஓரம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கும் அமைப்பால் கடைசி நுனிவரை போக முடிவதில்லை. அதனால் ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஓரத்தில் கொஞ்சம் குறைகிறது. பிறந்த குழந்தையின் இரத்த உயிரணுவில் டெலோமியரின் நீளம் சுமார் 10,000 எழுத்துகள். முதுமையில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஓரம் மிகவும் குறைந்துவிட்டால் உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்ளும். மனித உயிரணுக்கள் ஆய்வுக்கூடத் தட்டில் ஐம்பது தடவை அளவுக்குப் பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் லியோனார்ட் ஹேஃப்லிக் 1961இலேயே காட்டியிருந்தார். ஏன் நிற்கின்றன என்பதுதான் அப்போது புரியாமல் இருந்தது. நின்றுபோன உயிரணு உடனே சாவதில்லை. வேலையும் செய்யாமல், இடத்தையும் காலி செய்யாமல், அக்கம்பக்கத்தில் அழற்சியைக் கிளப்பும் பொருள்களைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். தோல் ஆறாமல் போவதற்கும் எதிர்ப்பு ஆற்றல் குறைவதற்கும் இரத்தக்குழாய் கெடுவதற்கும் இத்தகைய உயிரணுக்கள் பெருகுவது ஒரு காரணம்.

கிறிஸ்துமஸ் நாளில் வந்த படம்

ஒவ்வொரு பிரிவிலும் ஓரம் குறைகிறது என்றால், குளத்து உயிரியான டெட்ராஹைமீனா எப்படிச் சளைக்காமல் பிரிந்துகொண்டே இருக்கிறது? குறைந்ததை யாரோ நிரப்ப வேண்டும். பிளாக்பர்ன் 1978இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கினார். ஜாக் ஷாஸ்டாக் என்பவரோடு சேர்ந்து, டெட்ராஹைமீனாவின் ஓரம் ஈஸ்டுக்குள்ளும் வேலை செய்கிறது என்று 1982இல் நிரூபித்தார். குளத்து உயிரிக்கும் ரொட்டியைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுக்கும் இது பொதுவென்றால், மனிதனுக்கும் பொதுவாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வலுத்தது.

1984இல் கேரல் கிரைடர் என்ற மாணவி பிளாக்பர்னிடம் சேர்ந்தார். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கிரைடருக்குச் சிறு வயதிலிருந்தே டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தும் எழுத்துக்கூட்டலும் தடுமாறும் குறைபாடு இருந்தது. தரத்தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் அவர் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அவரை ஏற்கவில்லை. ஏற்றவற்றில் ஒன்று பெர்க்லி.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஆய்வுக்கூடத்திற்கு வந்து, தாம் செய்து வைத்திருந்த சோதனையின் எக்ஸ்ரே படத்தைக் கழுவிப் பார்த்தார் கிரைடர். ஏணிப்படிபோல் ஒழுங்கான கோடுகள். ஆறாறு எழுத்துகளாக ஓரம் வளர்க்கப்படுவதன் அடையாளம் அது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு டெலோமெரேஸ் என்று பெயரிட்டார்கள். அப்போது கிரைடருக்கு வயது 23. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து பிளாக்பர்ன், கிரைடர், ஷாஸ்டாக் மூவருக்கும் நோபல் கிடைத்தது. செய்தி சொல்ல தொலைபேசி அழைப்பு வந்தபோது கிரைடர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

மனிதனிடமும் இந்த நொதி உண்டு. ஆனால் பெரும்பாலான உயிரணுக்களில் மிகக் குறைவாகவே இயங்கும். கருவிலும், முட்டை, விந்தணு உருவாகும் இடத்திலும், இரத்தத்தைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்களிலும் அது வேலை செய்யும். இன்னோர் இடத்திலும் அது தாராளமாக வேலை செய்யும். அது புற்றுநோய்க் கட்டி. பத்தில் எட்டு, ஒன்பது புற்றுநோய்களில் டெலோமெரேஸ் விழித்துக்கொண்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

ஐம்பத்தெட்டுத் தாய்மார்கள்

பிளாக்பர்ன் 1990இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அங்கே எலிசா ஏபெல் என்ற இளம் உளவியல் ஆய்வாளர் அவரைத் தேடி வந்தார். நாட்பட்ட நோயுள்ள பிள்ளையை ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களை ஏபெல் ஆராய்ந்துகொண்டிருந்தார். 'இவர்களுடைய டெலோமியரை அளந்து பார்த்தால் என்ன?' என்பதே அவருடைய கேள்வி.

மூலக்கூறு உயிரியலாளர்கள் பொதுவாக இப்படிப்பட்ட கேள்வியைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். மன அழுத்தம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டி.என்.ஏ.வோ எழுத்தெண்ணிப் படிக்கும் விஷயம். ஆனால் பிளாக்பர்னும் பிள்ளை வளர்த்த தாய். ஒப்புக்கொண்டார்.

2004இல் முடிவு வெளிவந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 58 பேர். அவர்களில் 39 பேர் நோயுள்ள பிள்ளையைப் பராமரித்தவர்கள். 19 பேரின் பிள்ளைகள் நலமாக இருந்தவர்கள். இரு குழுக்களையும் சராசரியாக ஒப்பிட்டபோது டெலோமியரில் பெரிய வேறுபாடு இல்லை. பலர் இந்தச் செய்தியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நோயாளிப் பிள்ளை இருப்பதாலேயே தாய் தேய்ந்துவிடுவதில்லை.

வேறுபாடு வேறு இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, பராமரித்த தாய்மார்களுக்குள்ளேயே யார் அதிக ஆண்டுகள் பார்த்துக்கொண்டார்களோ அவர்களுடைய டெலோமியர் குட்டையாக இருந்தது. வயதைக் கழித்துக் கணக்கிட்ட பிறகும் அப்படித்தான். இரண்டாவது, இரு குழுவிலும் சேர்த்து, 'என்னால் சமாளிக்க முடியவில்லை' என்ற உணர்வு மிக அதிகமாக இருந்த பெண்களின் டெலோமியர், அந்த உணர்வு மிகக் குறைவாக இருந்த பெண்களுடையதைவிட, குறைந்தது பத்தாண்டு கூடுதலாக முதிர்ந்தவர்களுடையதைப் போல இருந்தது. நிரப்பும் நொதியான டெலோமெரேஸும் அவர்களிடம் குறைவாக இயங்கியது.

மனத்தில் இருப்பது உயிரணுவுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? அபாயம் வந்தால் உடம்பு அட்ரினலினையும் கோர்ட்டிசாலையும் சுரக்கும். பாம்பைக் கண்டு துள்ளி ஓட அது வேண்டும். ஓடியபின் அடங்கிவிட வேண்டும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அடங்காமல் இருந்தால் அழற்சி கூடுகிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் வீரியமான கழிவுகளும் பெருகுகின்றன. காற்றுப் பட்ட இரும்பு துருப்பிடிப்பதுபோல், இந்தக் கழிவுகள் உயிரணுவின் பாகங்களைக் கெடுக்கின்றன. டெலோமியரில் அடிக்கடி வரும் ஜி என்ற எழுத்து இந்தத் துருவுக்கு எளிதில் ஆளாகக்கூடியது. அதனால் ஓரம் இன்னும் வேகமாகக் குறைகிறது.

நம் பக்கத்துக் கணக்கு

58 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் என் பெரியம்மா. விடியற்காலை பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பிறகு செம்பனை வந்ததும் உதிரிப் பழம் பொறுக்கி, மருந்தும் அடித்தவர். அந்த வேலை அவரைச் சாய்க்கவில்லை. தோட்டம் கைமாறி, மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த பிறகு பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒன்பது ஆண்டுகள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, இரவில் மூன்று முறை எழுவது எல்லாம் அவர் ஒருவர்தான். "எனக்கென்னப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவருக்கே இனிப்புநீர் இருப்பது தெரியவந்தபோது காலில் புண் ஆறாத நிலை.

தோட்டத்தில் இருந்தபோது வேலை குறைவாக இருந்ததா? இல்லை. ஆனால் சுமையில் ஒரு பங்கை ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆயாக்கொட்டகையை நினைத்துப் பாருங்கள். ஒரு கொட்டகை, கூரையில் தொங்கும் ஏணைகள், ஓர் ஆயா. இருபது வீட்டுப் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வார், இருபது தாய்மார்கள் வேலைக்குப் போவார்கள். தோட்ட நிர்வாகம் அதைக் கருணையால் நடத்தவில்லை. பெண்களின் உழைப்பு வேண்டும், அதற்காக நடத்தியது. இருந்தாலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஒரு தாயின் தனிப்பட்ட பாடு மட்டுமல்ல என்ற ஏற்பாடு அதில் இருந்தது. இன்று மூன்றாம் மாடி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. மகளோ மருமகளோ மனைவியோ தனியாளாகச் சுமக்கிறார்.

அழுத்தம் என்பது நோயாளியைப் பார்ப்பது மட்டுமல்ல. இதே வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வாக்களிக்கப்பட்ட சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். முடிவு தெரியாமல் நீடிக்கும் இத்தகைய கவலையைத்தான் ஆய்வாளர்கள் 'நாட்பட்ட அழுத்தம்' என்கிறார்கள். ஒருநாள் தேர்வுப் பயமும் ஒருவார வேலை நெருக்கடியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவற்றிலிருந்து உடம்பு மீண்டுவிடும்.

தென்னமரத்தில் தொடங்கிய இன்னொரு கதை

உயிரணு முதுமையைப் பற்றிய ஆய்வு அமெரிக்காவில் மட்டும் நடக்கவில்லை. நம் கண்ணெதிரே நிற்கும் மரமே அதில் இடம்பெற்றிருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெயரிலேயே தமிழைச் சுமந்திருக்கும் தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் நாவலாசிரியராகி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கியவர்.

அந்த மரத்தின் எண்ணெயில் வைட்டமின் ஈ இருக்கிறது. அதில் பெரும்பங்கு டோகோடிரையினால் என்ற வகையைச் சேர்ந்தது. மற்ற சமையல் எண்ணெய்கள் பலவற்றில் அந்த வகை மிக அரிது. யுகேஎம் எனும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்தில் வான் சூரினா வான் ஙா, சுசானா மக்போல் ஆகிய ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் இதைச் சோதித்தார்கள். 9 முதல் 12 வயதுச் சிறுவர்களுக்குச் செய்யும் சுன்னத்தில் நீக்கப்படும் தோலிலிருந்து உயிரணுக்களை எடுத்து வளர்த்தார்கள். அவை பலமுறை பிரிந்து மூப்படையும்வரை காத்திருந்தார்கள். வேறு சில சோதனைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, முன்பு சொன்ன துருவைச் செயற்கையாக ஏற்படுத்தினார்கள். டோகோடிரையினால் நிறைந்த செம்பனைச் சத்தைக் கொடுத்தபோது, மூப்பின் அடையாளங்கள் குறைந்ததையும் டெலோமியர் காக்கப்பட்டதையும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளில் காட்டினார்கள்.

இதைப் படித்ததும் கடைக்கு ஓட வேண்டாம். ஆய்வுக்கூடத் தட்டில் உள்ள உயிரணுவுக்கும் நம் உடம்புக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. தட்டில் நேரடியாகச் சொட்டு விடலாம். உடம்பில் அது குடல், கல்லீரல், இரத்தம் என்று பல வாசல்களைக் கடக்க வேண்டும். சுத்திகரித்த சமையல் எண்ணெயில் இந்தச் சத்தில் ஒரு பகுதிதான் மிஞ்சும். எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினால் இளமை வராது. தொப்பைதான் வரும்.

இந்த ஆய்வில் நான் பெருமைப்படும் விஷயம் வேறு. நம் தாத்தா பாட்டிகள் குலை குலையாகச் சுமந்த பழத்தை வைத்து, இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே, உலகம் கேட்கும் கேள்விக்கு விடை தேட முடிகிறது. ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேசனிலும் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும் வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன.

விற்பனைக்கு வரும் இளமை

டெலோமியர் என்ற சொல் பிரபலமானதும் வியாபாரம் பின்னால் வந்தது. 'உங்கள் டெலோமியரை அளந்து உண்மையான வயதைச் சொல்கிறோம்', 'டெலோமெரேஸைத் தூண்டும் மாத்திரை' என்ற விளம்பரங்கள் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். இரண்டையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஒரே வயதுடைய, ஒரே அளவு ஆரோக்கியமான இரண்டு பேருக்கு டெலோமியர் நீளம் பெரிதும் மாறுபடலாம். பெற்றோரிடமிருந்து வருவதும் அதில் உண்டு. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு போக்குத் தெரியும். ஒரு தனி மனிதருக்கு அது ஜாதகம் ஆகாது. நீளமாக இருந்தால் நல்லது என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. மரபணு அடிப்படையில் நீண்ட டெலோமியர் வாய்த்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து குறைவாகவும், சில வகைப் புற்றுநோய் ஆபத்து கூடுதலாகவும் இருப்பதை 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. புற்றுநோய்க் கட்டிகளில் டெலோமெரேஸ் விழித்திருக்கும் என்று முன்பே பார்த்தோம். ஓரம் குறைவது முதுமைக்கு ஒரு காரணம். அளவுக்கு மீறிப் பிரியும் உயிரணுவுக்கு அதே ஓரம் ஒரு கடிவாளமும்கூட. அந்தக் கடிவாளத்தை மாத்திரையால் அவிழ்ப்பது விளையாட்டல்ல.

பிளாக்பர்னுக்கு நோபல் கிடைத்த அதே 2009இல், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக அந்தப் பரிசு. அவரும் முதலில் இயற்பியல் படித்து, பிறகு உயிரியலுக்கு மாறியவர். நாம் ஏன் மூப்படைந்து இறக்கிறோம் என்பதைப் பற்றி 2024இல் அவர் எழுதி வெளியிட்ட நூல், முதுமையை வெல்வோம் என்று கிளம்பியிருக்கும் வியாபாரத்தின் உரிமைகோரல்களை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கிறது. நம்ப வேண்டியதையும் பொறுத்துப் பார்க்க வேண்டியதையும் பிரித்துக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் அதைப் படிக்கலாம்.

நாற்பது நிமிடம்

அப்படியென்றால் எதுவும் செய்ய முடியாதா? முடியும். ஏபெல், பிளாக்பர்ன் வழியில் நடந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது 2018இல் வெளிவந்த ஒன்று. வீட்டில் மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் 68 பேர் அதில் கலந்துகொண்டார்கள். உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்கள். அழுத்தம் மிகுந்தவர்கள். ஒரு பாதியினர் 24 வாரங்களுக்கு, வாரம் மூன்று முதல் ஐந்து நாள், ஒரு தடவைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தார்கள். மறுபாதியினர் வழக்கம்போல் இருந்தார்கள். முடிவில் பயிற்சி செய்தவர்களின் அழுத்த உணர்வு குறைந்தது. அவர்களுடைய வெள்ளை அணுக்களின் டெலோமியர் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த ஆய்வு.

மருந்து செலவில்லாதது. நடைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பெரியம்மாவைப் போன்ற ஒருவரிடம் 'தினமும் நடங்கள்' என்று சொன்னால் சிரிப்பார். அவர் நடக்கப் போகும் அந்த நாற்பது நிமிடம், படுக்கையில் இருப்பவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது?

பராமரிப்பவருக்குக் கிடைக்கும் ஓய்வை நாம் ஒரு சலுகையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். 'பாவம், அவங்களும் கொஞ்சம் படுக்கட்டும்' என்பதோடு சரி. அது நோயாளிக்குக் கொடுக்கும் மாத்திரையைப் போலவே வேளை தவறாமல் கொடுக்க வேண்டிய மருந்து. தியாகம் என்று புகழ்ந்துவிட்டு ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் விடுவது நம் குடும்பங்களில் எளிதாக நடக்கிறது. அந்தப் புகழ்ச்சியால் டெலோமியர் ஓர் எழுத்துகூட வளராது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எத்தனை பேர் என்று எண்ணி, வாரத்தில் யாருக்கு எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஆண்களின் பெயரும் அதில் இருக்கட்டும். கோலாலம்பூரிலும் ஷா ஆலாமிலும் வேலை பார்க்கும் இளையவர்கள் மாதம் பணம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவோடு இருங்கள். நோயாளியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் நாளில் பராமரிப்பவரின் இரத்த அழுத்தத்தையும் இனிப்புநீரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சமூக நலத்துறை மாத உதவித்தொகை தருகிறது. மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இப்படி ஓர் உதவி இருப்பதே தெரியாதவர்கள் நம்மிடையே அதிகம். பக்கத்து வீட்டில் யாராவது இருந்தால் பாரத்தை நிரப்ப உதவுங்கள்.

ஆலய நிர்வாகங்களும் பொது இயக்கங்களும் ஒன்று செய்யலாம். திருவிழாவுக்குக் குழு போடுகிறோம், அன்னதானத்துக்குக் குழு போடுகிறோம். தாமானில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பார்ப்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, வாரம் இரண்டு முறை ஒருமணி நேரம் போய் உட்கார நாலு பேரைப் பழக்கலாம். நம் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டகை கண்ட சமூகம் நாம். பெரியவர்களுக்கு அப்படி ஒன்றை நம்மால் யோசிக்க முடியாதா?

மலேசியாவில் 2030ஆம் ஆண்டுவாக்கில் அறுபது வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்பது கணிப்பு. பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடத்தான் போகிறது. பார்த்துக்கொள்கிறவர்களின் எண்ணிக்கையையும் ஒன்றிலிருந்து நாலாகக் கூட்டுவது நம் கையில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நாளிதழை மடித்து வைத்ததும், உங்கள் உறவில் அப்படித் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று யோசியுங்கள். அவருக்குப் போன் செய்து, "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் வந்து உட்கார்றேன், நீங்க நடந்துட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.